குடும்ப டிக்கெட்டுக்கு ஒரே முகவரி

அத்தியாயம் 11

மூன்று வாரமாக இந்தக் குடும்பம் கிளம்புகிறது, கிளம்புகிறது என்று சொல்லியே உங்களை இழுத்தடித்தாயிற்று. இதோ, வந்து சேர்ந்துவிட்டார்கள். பூங்காவின் பெரிய வாசலில், காலை எட்டே முக்காலுக்கு, ஐந்நூறு பேருக்குப் பின்னால் நிற்கிறார்கள். வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறிவிட்டது.

முன்னால் நிற்பவள் நர்ஸம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் பதினாறு வருடமாக வேலை. பின்னால் தொப்பியோடு நிற்பவர் அவள் கணவர். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்பதால் தெருவுக்கே லிஃப்ட்காரர். குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஆள் கண்ணைக் குத்துகிறவர் லிஃப்ட்காரரின் அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார். நர்ஸம்மாவுக்கு நாத்தனார். கடைசியில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, யாரோ தெரியாத குடும்பத்தோடு வந்தவள் மாதிரி நிற்பது மகள். பதிமூன்று வயசு. பிறந்த நாளிலிருந்து வாலு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

போன மாதம் சமையலறையில் லிஃப்ட்காரர் சொன்னது ஞாபகம் இருக்கும். "கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கலாம்னு தோணுது" என்றார். நர்ஸம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்காமலேயே ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். கடைசியில் ஓர் உடன்பாடு. பூங்காவுக்குப் போய்விட்டு வருகிற வரை யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை. வாலுவிடம் மூச்சு விடக் கூடாது. அஞ்சு வருடமாக அந்தப் பிள்ளைக்கு ஆசை காட்டி ஏமாற்றிய பயணம் அது, அவளாவது சந்தோஷமாக இருக்கட்டும்.

உடன்பாட்டில் சொல்லாத ஒன்று நர்ஸம்மா மனதில் இருந்தது. மூன்று நாள். ட்யூட்டி இல்லை, அவருக்கு போன் வராது, ஒரே அறை, ஒரே சாப்பாட்டு மேஜை. மூன்று நாளில் மனுஷனை மாற்றிவிடலாம் என்று அவள் நம்பினாள். அதற்காகத்தான் எட்டுப் பேரிடம் கெஞ்சி ட்யூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாங்க சின்னப் பசங்களா வந்தப்ப டிக்கெட் வாங்கினோம், உள்ள போனோம். இப்ப வரிசையில நிக்கறதுக்கே போன்ல இடம் புடிக்கணுமாம்" என்று முன்னால் ஒருவர், தோளில் தூங்கும் குழந்தையோடு, யாரிடம் என்றில்லாமல் புலம்பினார்.

"அப்புறம் எதுக்கு சார் வந்தீங்க?"

"வீட்ல உக்கார விட்டாத்தானே!"

நர்ஸம்மாவும் கிளம்புவதற்கு முன் இணையத்தில் எல்லாவற்றையும் படித்திருந்தாள். பாதிப் பேர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது போக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் ஒரு தடவைக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். ஒரு தடவை என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லையே என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள்.

ஒன்பதரைக்கு வாசலை அடைந்தார்கள். சீருடை போட்ட ஒரு பெண், கையில் டேப்லெட். நான்கு பேரும் ஒவ்வொருவராக அதற்கு முகத்தைக் காட்டினார்கள்.

"மேடம், இது குடும்ப டிக்கெட்டா வராதே" என்றாள் அந்தப் பெண்.

"ஏன் வராது? நாலு பேரு, பணமெல்லாம் கட்டியாச்சு."

"குடும்ப டிக்கெட்டுன்னா எல்லாருக்கும் ஒரே முகவரி இருக்கணும். உங்களுக்கு ரெண்டு காட்டுது."

நர்ஸம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தாள். நாத்தனார் வேறு வீட்டில் இருப்பவர். குடும்ப டிக்கெட்டில் அவரையும் சேர்ப்பதற்காக, எல்லாரும் நம் வீட்டு முகவரியையே போடுங்கள் என்று புக் பண்ணும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஒரு சின்னப் பொய். அதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

"அண்ணி, நம்ம வீட்டு அட்ரஸத்தானே போடச் சொன்னேன்?"

"எனக்கென்னம்மா தெரியும்? போன்ல எல்லாம் தம்பிதான் தட்டினான்."

"இல்ல மேடம்" என்று அந்தப் பெண் குறுக்கிட்டாள். "நீங்களும் பாப்பாவும் ஒரு அட்ரஸ். சாரும் இந்த மேடமும் ஒரு அட்ரஸ். சிஸ்டம் உங்களை ரெண்டு குடும்பமாப் பிரிச்சிருக்கு."

சொல்லிவிட்டு டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள்.

கணவரின் பெயருக்கு நேராக நாத்தனாரின் கதவு எண். பக்கத்தில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது. மாடி.

இங்கே லிஃப்ட்காரரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒரு கதவு எண்ணைத் தப்பாக எழுதிக் கொடுக்க, வேறு கட்டடத்துக்குப் போய் நின்றார். சரியான கட்டடத்தைக் கண்டுபிடிக்கும் வரை, மூச்சிரைப்பு உள்ள ஒரு பெரியவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் முக்கால் மணி நேரம் தவித்தார். அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து லிஃப்ட்காரருக்கு முகவரி என்பது விளையாட்டு இல்லை. துணிக்கடைப் பரிசுக் கூப்பனில்கூட, ஆள் உண்மையில் எங்கே கிடைப்பானோ அந்த முகவரியைத்தான் எழுதுவார். பொய் முகவரி எழுதச் சொன்னால் கை நகராது.

பதினைந்து வருடக் குடித்தனம். இது நர்ஸம்மாவுக்குத் தெரியாதா? அவர் எழுதியிருக்கிறார் என்றால் அங்கேதான் இருக்கிறார். போகப்போகிறார் என்று இல்லை. போய்விட்டார்.

உச்சந்தலைக்கு ரத்தம் ஏறியது. கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா பொண்ணு, இவன் இவ புருஷன்மா. நான் கூடப் பொறந்தவ. ஒண்ணாப் போட்டு விடேன்" என்றார் நாத்தனார்.

"ஆப்ல அப்படி வரலைங்க. மஞ்சள் பட்டை இந்த மேடத்துக்கும் பாப்பாவுக்கும். பச்சை உங்க ரெண்டு பேருக்கும். ரைடுல உங்க கலருக்கு என்ன நேரம் வருதோ அப்பத்தான் ஏறணும். மஞ்சளும் பச்சையும் கலக்க முடியாது."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏங்க, குடும்பச் சண்டைய உள்ள போய்ப் போட்டுக்கங்க! இங்க மண்டை வெடிக்குது!"

"ஏன், உங்க வீட்ல சண்டையே வராதா?" என்று நர்ஸம்மா திரும்பிச் சீறியதில் அந்த வரிசையே ஓர் அடி பின்வாங்கியது. வார்டில் பேஷண்டைப் பார்க்க ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் நுழையும்போது வரும் குரல் அது.

கையை நீட்டினாள். மஞ்சள் பட்டை மாட்டப்பட்டது. திரும்பிப் போக வழி இல்லை, டிக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாலுவின் காதில் ஒயர் இருந்ததைப் பார்த்து, நல்லவேளை, பிள்ளைக்கு எதுவும் கேட்டிருக்காது என்று பெருமூச்சு விட்டாள்.

உள்ளே சிமென்ட் மலை ஒன்று இருந்தது. அதன் பின்னால், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் நிழல். வாலுவை ஐஸ்கிரீம் வாங்க அனுப்பிவிட்டு நர்ஸம்மா இரண்டு பேரையும் அங்கே நிறுத்தினாள்.

"எப்போலேர்ந்து?"

"இங்க வேணாமே" என்றார் லிஃப்ட்காரர்.

"எப்போலேர்ந்துன்னு கேட்டேன்."

"அது... சும்மா, டூல்ஸ் வைக்க ஒரு இடம்..."

"பூசி மெழுகாதீங்க. இந்த டிக்கெட் புக் பண்ணி ரெண்டரை மாசம் ஆச்சு. அப்பவே அந்த அட்ரஸப் போட்டிருக்கீங்க. நீங்க கிச்சன்ல வந்து நின்னு, தனியா இருந்து பாக்கலாமான்னு கேட்டது போன மாசம். அப்ப அது என்ன கேள்வி? எங்கிட்ட எதுக்கு அனுமதி கேட்டீங்க?"

லிஃப்ட்காரர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஊருக்குப் போய்ட்டு வந்து முடிவு பண்ணலாம்னு கைய அடிச்சு ஒத்துக்கிட்டீங்களே, எதை முடிவு பண்ண? நான் ஒருத்தி முட்டாள் மாதிரி எட்டுப் பேர் கால்ல விழுந்து லீவு வாங்கிட்டு வந்திருக்கேன்!"

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ ட்யூட்டி முடிஞ்சு வர்ற, தூங்குற, எழுந்து கிளம்புற. நடுவுல ரெண்டு வார்த்தை பேசலாம்னா மாத்திரை குடுத்தாச்சா, சாப்டாச்சான்னு கேக்குற மாதிரி கேட்டுட்டுப் போற. வீட்ல நான் இன்னொரு பேஷண்ட் மாதிரி இருக்கேன்."

"பேஷண்டா? பேஷண்ட்டுங்க போறப்ப சொல்லிட்டுப் போவாங்க!"

 அழுகை வந்துவிடுமோ என்று பயந்து கோபத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, 'ஒரு ட்ரிப் போய்ட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்'னு எனக்குச் சொன்னது யாரு?"

"சரியாயிடும்னு நெனச்சுத்தாம்மா சொன்னேன்."

"மாடியத் தொறந்து விட்டுட்டா?"

"கூடப் பொறந்தவன் வந்து கதவத் தட்டினா வெளிய போடான்னா சொல்ல முடியும்?" நாத்தனாருக்கும் குரல் ஏறியது. "நீ மட்டும் என்ன? அவன் மூணு மாசமாக் கூடவே உக்காந்து சாப்டலேன்னு ஒரு நாள் கவனிச்சியா?"

"கவனிச்சேன். கேட்டேன். வேலைன்னாரு. வேலைன்னு சொல்றவரை நம்பறது என் தப்பா?"

 நாத்தனார் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார்.

வாலு நான்கு ஐஸ்கிரீமோடு வந்தாள். பாதி உருகிக் கையில் வழிந்திருந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு நால்வரும் தின்றார்கள். பக்கத்தில் ஒலிபெருக்கி, இது உங்கள் வாழ்வின் மறக்க முடியாத நாள் என்று நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒலிபெருக்கியைக் கழற்றி எடுத்து மிதிக்க வேண்டும் போல இருந்தது நர்ஸம்மாவுக்கு.

மஞ்சள் பட்டைக்குப் பதினொன்றே காலுக்கு ராட்சத ரயிலில் நேரம் வந்தது. பச்சைக்கு இரண்டு மணிக்கு. அம்மாவும் மகளும் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நகர்ந்தார்கள். ரயில் ஓடியது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் எல்லாரும் அலறினார்கள். நர்ஸம்மாவும் அலறினாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வருகிற மாதிரி, அடித்தொண்டையிலிருந்து, கெட்ட வார்த்தைகூட ஒன்று கலந்திருந்தது. இங்கே வந்ததில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். வீட்டில் இப்படிக் கத்த முடியாது, வார்டில் நிச்சயமாக முடியாது.

இறங்கியதும் வாலு ஓடிப்போய்க் குப்பைத்தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

நர்ஸம்மா முதுகைத் தடவி, வாய் கொப்பளிக்க வைத்து, நெற்றியைத் துடைத்துவிட்டாள். "ஒத்துக்கலேன்னா முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"உனக்கு ஆசையா இருந்துச்சேன்னுதான் ஏறினேன்" என்றாள் வாலு.

நர்ஸம்மாவுக்கு அது பிடிபடவில்லை. பிள்ளைக்குப் பசி மயக்கம் என்று நினைத்து உணவுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். லிஃப்ட்காரரும் நாத்தனாரும் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் மேஜையைப் பிடித்து வைத்துக் காத்திருந்தார்கள். உட்கார இடம் பிடிப்பதற்கு மட்டும்தான் அங்கே பட்டையின் நிறம் பார்க்கவில்லை.

பொரித்த உருளைக்கிழங்கு வந்தது. யாரும் தொடவில்லை.

"அடுத்தது எதுல ஏறலாம் வாலு?" என்று லிஃப்ட்காரர் குரலில் உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். "படகு இருக்கு, பேய் வீடு இருக்கு..."

"எதுலயும் வேணாம்."

"ஏண்டா கண்ணு? உனக்காகத்தானே வந்திருக்கோம்" என்றாள் நர்ஸம்மா.

வாலு காதில் இருந்த ஒயரைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "எனக்காகவா? நான் எப்போ கேட்டேன்?"

"எட்டு வயசுல அழுது பொரண்டியே!"

"எட்டு வயசுல கேட்டேன். இப்ப எனக்குப் பதிமூணு. எனக்கு ரைடுன்னாலே வாந்தி வரும்மா. பஸ்லயே எனக்கு வாந்தி வரும், உனக்குத் தெரியாதா? அப்பாதான் சொன்னாரு. அம்மா ரொம்ப ஆசையா புக் பண்ணியிருக்கா, முகம் சுளிக்காம சிரிச்சுட்டு வான்னு."

நர்ஸம்மா கணவரைப் பார்த்தாள்.

"உனக்கு ஒரு மாற்றமா இருக்கட்டும்னு..." என்று ஆரம்பித்தார் அவர்.

"எனக்கா?"

"திரும்பி வந்து பேசறப்ப உன் மனசு கொஞ்சம் லேசா இருக்கும்னு நெனச்சேன்."

அப்படியென்றால் அவரும் நர்ஸம்மாவுக்காக வந்திருக்கிறார், பிள்ளையும் நர்ஸம்மாவுக்காக வந்திருக்கிறாள். வார்டில் ஊசி போடுவதற்கு முன்னால் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். அதைக் கொடுப்பவள் அவள். இன்றைக்கு அவளுக்கே கொடுத்திருக்கிறார்கள். அவமானத்தில் அவள் காது மடல்கள் சுட்டன.

இன்னொன்று மெதுவாக உறைத்தது. அப்பா சொன்னார், சிரித்துக்கொண்டு வா என்று சொன்னார் என்றால், பிள்ளையிடம் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பார்?

"வாலு, காலைல கேட்ல அந்தப் பொண்ணு சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"காலைலேர்ந்து பாட்டே போடலம்மா."

"மாடி ரூம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

வாலு அப்பாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். இரண்டு பேரும் காப்பாற்ற வரவில்லை. "அதுக்கு கர்ட்டன் துணி நான்தாம்மா எடுத்தேன். நீல கலர். அத்தை தச்சுக் குடுத்தாங்க."

"நீ அங்க போயிருக்கியா?"

"உனக்கு நைட் ட்யூட்டி இருக்கற வாரமெல்லாம் அங்கதான் படுப்போம். அப்பா எழுப்பி விட்டுடுவாரு. நீ வர்றதுக்குள்ள, ஆறரைக்கெல்லாம் நம்ம வீட்டுக்கு வந்துடுவோம்."

 நைட் ட்யூட்டி முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால், இப்போதெல்லாம் வீடு பளிச்சென்று இருக்கிறது, போர்வைகூட மடிப்புக் கலையாமல் இருக்கிறது, அப்பாவும் பொண்ணும் எவ்வளவு பொறுப்பாகிவிட்டார்கள் என்று போன வாரம்தான் நர்ஸம்மா வார்டில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தாள். கலையாது. யாரும் படுத்தால்தானே கலையும். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ரெண்டு பேரும் விடிகாலையில் வந்து, அவள் பார்ப்பதற்காக ஒரு குடும்பம் மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"அங்க எத்தனை கட்டில் போட்டிருக்கு?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார் நாத்தனார்.

"நீங்க பேசாதீங்க அண்ணி. எத்தனை கட்டில்?"

"ரெண்டு" என்றார் லிஃப்ட்காரர்.

மனுஷனை மூன்று நாளில் மாற்றிவிடலாம் என்று வந்தவள் அந்த நிமிடம் அந்த ஆசையை அங்கேயே, எண்ணெய் வடியும் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் விட்டாள். கெஞ்சுவதற்கு இனி ஒன்றும் இல்லை. கோபம் மட்டும்தான் மிச்சம், அதுவும் சுத்தமான கோபம். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவரை 'நீ' என்றாள்.

"நீ வீட்டுச் சாவியக் குடு."

"இங்க வச்சு என்ன..."

"நீ குடியிருக்கற வீட்டுச் சாவி உங்கிட்ட இருக்கு. என் வீட்டுச் சாவி எதுக்கு? குடு."

பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். லிஃப்ட்காரர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். ஊரில் பாதிக் கட்டடத்தின் மோட்டார் அறைச் சாவிகள் அதில் தொங்கின. வீட்டுச் சாவியை வளையத்திலிருந்து பிரிக்க அவருக்கு நகம் ஒத்துழைக்கவில்லை. யாரும் உதவி செய்யவில்லை. கடைசியில் கழன்றது. மேஜை மேல் வைத்தார்.

நர்ஸம்மா அதை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக நெஞ்சு நிமிர்ந்தது. இவ்வளவு பேர் சேர்ந்து ஏமாற்றியதற்குத் தன் கையால் ஒன்றாவது செய்தாயிற்று. எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

எதிரில் வாலு தன் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து தன்னுடைய வீட்டுச் சாவியை எடுத்தாள். ஒற்றைச் சாவி. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, என்னோடதையும் குடுக்கணுமா?"

எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.